மீதி ஒன்று

நாலாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு, பதினெட்டுப் பேர்.
அம்மை போட்டு இரண்டு பேர் வரவில்லை.
வருகைப் பதிவில் பதினாறு என்று திருத்தினேன்.

வகுத்தல் பாடத்துக்குப் புத்தகத்தில்
ஒரு தோட்டக்காரர் இருக்கிறார்.
அவரிடம் எப்போதும் மாம்பழம் இருக்கும்,
வாங்கிக்கொள்ள எப்போதும் ஆள் இருக்கும்.
போன மாதம் அவரை மூடிவைத்துவிட்டு
வேலந்தாவளம் சந்தையிலிருந்து
ஒரு கூடை தக்காளி கடனுக்கு எடுத்துவந்தேன்.
எண்ணினோம், பங்கு போட்டோம்.
மீதி வந்த இரண்டை ஆல்ட்ரின் தின்றுவிட்டான்.
விடை சரியாக வந்தது.

இந்த மாதம் செக்போஸ்ட்.

பள்ளி வாசலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு தப்படி,
ருக்சானாவின் கால் அளவில்.
என் கால் அளவில் முந்நூறுகூட இல்லை.
யாருடைய தூரம் சரி என்று
வழி நெடுக ஒரு சண்டை.
கணவாய்க் காற்று தாள்களைப் பிடுங்கியது.
கைப்பேசி ஒரே நிமிடத்தில்
இரண்டு மாநிலங்களுக்கு என்னை வரவேற்றது.

முதலில் வந்தவை சுலபம்.
வைக்கோல் லாரி, சக்கரம் பத்து.
பால் வண்டி, ஆறு.
கோழி வண்டியைப் பார்த்துவிட்டு
"இது எண்ண வராது டீச்சர், வெறும் இறகு" என்றார்கள்.
விட்டுவிட்டோம்.

பிறகு மாட்டு லாரி.
முத்திரைக்காக வெயிலில் நின்றது.

கொம்பு எண்ணுகிறவர்கள் மாடிப்படியில்.
கால் எண்ணுகிறவர்கள் கீழே, குந்தி,
பலகை இடுக்குகளில் கண்ணை வைத்து.
ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு.
மேலிருந்து இரண்டால் வகுக்க வேண்டும்,
கீழிருந்து நான்கால்.
இரண்டும் ஒரே ஊரில் வந்து சேரும் என்று
காலையில் கரும்பலகையில் நான் சத்தியம் செய்திருந்தேன்.

கால் ஐம்பத்திரண்டு. பதின்மூன்று மாடு. மீதி இல்லை.
கொம்பு இருபத்தேழு. பதின்மூன்று மாடு. மீதி ஒன்று.

"நீங்க தப்பா எண்ணிட்டீங்க."
"நீங்கதான்."
திரும்ப எண்ணினார்கள். இருபத்தேழு.
"ஒடிஞ்ச கொம்பா இருக்கும்" என்றான் அருள்சகாயம்.
ஒடிந்தால் குறையுமே, எப்படிக் கூடும்?
"மீதியை விட்டுரலாம்" என்றான் ஆல்ட்ரின்.
அப்படித்தான் நானும் சொல்லிக்கொடுத்திருந்தேன்,
கேள்வி எத்தனை மாடு என்றால்
மீதியை எழுத வேண்டாமென்று.

நிஷாந்தினி மட்டும் லாரியின் பின்பக்கம் போனாள்.
கதவு இடுக்கில் வெளியே நீட்டியிருந்த
அந்த ஒற்றைக் கொம்பை வெளியிலிருந்து தொட்டாள்.
பிறகு குனிந்தாள்.
குனிந்தபடியே நின்றாள்.

"படுத்திருக்கு டீச்சர்.
மத்ததோட காலுக்கு அடியில."

மடக்கிய கால்களை
எங்களில் யாரும் கால் என்று எண்ணவில்லை.

பதினாலு.

சீட்டில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.
அது வேறு வகுப்பின் கணக்கு.
கிளீனர்ப் பையன் பிள்ளைகளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
பலகைக்குள் கைவிட்டு வாலை முறுக்கினான்.
ஒரு சத்தம்.
முன்னங்கால் முட்டி, பின்னங்கால், இடுப்பு.
எழுந்துவிட்டது.

கால் ஐம்பத்தாறு! கொம்பு இருபத்தெட்டு!
இரண்டு பக்கமும் பதினாலு!
மீதி பூஜ்ஜியம்!
கை தட்டினார்கள், படியிலிருந்து குதித்தார்கள்.
கிளீனர்ப் பையனும் சிரித்தான்.
நானும் தட்டினேன், அதை ஏன் மறைக்க.
கம்பி உயர்ந்தது.
பாலக்காட்டுப் பக்கம் போயிற்று லாரி,
மிச்சமில்லாமல் வகுபட்டு.

எங்கே போகுது என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்வதென்று
திரும்பி வரும் தப்படிகளில்
எண்ணிக்கை பலமுறை விட்டுப்போயிற்று எனக்கு.

அரையாண்டுத் தேர்வில்
தோட்டக்காரர் திரும்ப வந்தார்.
இருபத்தொன்பது மாம்பழம், நான்கு பெட்டி.
பதினைந்து பேர் ஏழு, மீதி ஒன்று என்று எழுதி
அடிக்கோடிட்டு முடித்திருந்தார்கள்.
நிஷாந்தினி கீழே ஒரு வரி கூட்டியிருந்தாள்:

மீதி 1. போய்ப் பார்க்கணும்.

சிவப்புப் பேனா அந்த வரிமேல் நிற்கிறது.
மணி ஒன்பதரை.
இன்னும் பதினோரு தாள் இருக்கிறது.